தழும்பு ஆறிய கை

இப்பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

புண்ணை எப்படிக் கழுவுவது, கட்டை எப்படிப் போடுவது, யாரை எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பவற்றையெல்லாம் பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். என் காலத்தில் இருந்தவற்றைவிட நல்ல மருந்துகளும் நல்ல கையுறைகளும் இப்போது உங்களிடம் உண்டு. ஆகையால் அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஆபத்து என்று கேட்டவுடன் நம் கால்கள் நம்மைக் கேளாமலே ஓடத் தொடங்குகின்றன. ஒரு மனிதரைப் பார்க்கும்போது நம் கண், பழகிய ஓரிடத்திலேயே போய் நின்றுவிடுகிறது. இவ்விரண்டைப் பற்றி மட்டும், நான் அருகிருந்து கண்ட ஒன்றைக் கொண்டு எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த இல்லம் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. பழைய கடைவீடு. தெருப்பக்கம் முன்னறை. அதைத் தாண்டினால் மழையும் வெயிலும் நேரே இறங்கும் முற்றம். அதற்கப்பால் சமையற்கட்டு. சமையற்கட்டின் பின்கதவைத் திறந்தால் கழிவுநீர்க் கால்வாய் ஓடும் பின்சந்து. பினாங்குப் பாலம் இன்னும் திறக்கப்படாத ஆண்டுகள் அவை. பெருநிலத்திலிருந்து வருவோர் அனைவரும் ஃபெர்ரியில் வந்துதான் இறங்க வேண்டும்.

அங்கு வந்தவர்கள் போதை ஊசி போட்டுக்கொள்ளும் பெண்கள். மலிவான தங்கும் விடுதிகளில் கிடந்தவர்கள், மதுக்கடைகளில் ஆண்களோடு அமர்ந்து பிழைத்தவர்கள், கடைகளின் ஐந்தடி நடைபாதையில் படுத்து எழுந்தவர்கள் எனப் பலர். தமிழ்ப் பெண்களும் மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பார்கள். காலையில் கதவைத் திறந்து மாலையில் மூடுவோம். குளிக்கத் தண்ணீர், புண்ணுக்கு மருந்து, குடிக்கத் தேநீர் ஆகிய மூன்றும் அங்கு உண்டு. அறிவுரை வேண்டியவர்களுக்கு அறிவுரையும் உண்டு. அதை யாரும் கேட்டதில்லை.

இல்லத்தை நடத்தியவர் ஒரு மேட்ரன். பெரிய மருத்துவமனையில் தலைமைத் தாதியாக நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பெயரை நாங்கள் ஒருவரும் சொல்லி அழைத்ததில்லை; இங்கும் எழுதவில்லை. நான் அவரிடம் கட்டுப் போடும் வேலை பார்த்தேன். தாதிப் படிப்பு எனக்குக் கிடையாது. பெண்கள் அவரை மேட்ரன் என்றும் என்னை அக்கா என்றும் அழைப்பார்கள்.

இல்லம் தொடங்கிய புதிதில் எந்தப் பெண்ணும் தன் கையைக் காட்டமாட்டாள். தெருவில் போலீஸ்காரர் பிடித்தால் முதலில் சட்டைக் கையைத்தான் மேலே சுருட்டுவார். ஊசித் தழும்பைக் கண்டால் வண்டியில் ஏற்றிவிடுவார். ஆகவே, கையைக் காட்டு என்று யார் சொன்னாலும் அவர்களுக்கு அச்சம். உள்ளே சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்ட பிறகும் முந்தானையால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த அச்சத்தைப் போக்க மேட்ரன் ஒரு வழி கண்டார். கை காட்டுவதையே ஒரு பெருமையாக ஆக்கினார்.

உள்ளே வருபவள் முன்னறை மேசையின் மேல் இரு கைகளையும் மல்லாத்தி வைக்க வேண்டும். புண் இருந்தால் அது கழுவப்படும். ஏச்சுப் பேச்சு கிடையாது. புதிய தழும்பு இல்லாவிட்டால் மேட்ரன் "நல்லம்" என்பார். பெஞ்சில் இருப்பவர்கள் அனைவரும் கைதட்டுவார்கள். அன்று தேநீர்க் கேத்தலைப் பிடித்து எல்லாருக்கும் ஊற்றும் உரிமை அவளுடையது. சூடான எதையும், உடையக்கூடிய எதையும், விலை பெறும் எதையும் அந்தப் பெண்களின் கையில் நம்பிக் கொடுக்க ஊரில் எவரும் இல்லை. ஆகையால் அந்தப் பெரிய அலுமினியக் கேத்தல் எங்கள் இல்லத்தில் ஒரு பதவி போலாயிற்று. ஒருமுறை, நல்ல மனம் கொண்ட சில சீமாட்டிகள் நீளக்கை வைத்த ரவிக்கைகளையும் சட்டைகளையும் மூட்டையாகக் கொண்டுவந்து தந்தார்கள். மறுநாள் பார்த்தால் எல்லாப் பெண்களும் கைப்பகுதியைக் கத்தரித்து எறிந்துவிட்டு அவற்றை அணிந்து வந்திருந்தார்கள்.

அந்தப் பதவியை ஒரு நாளும் அடையாதவள் பாக்கியம். வயதில் மூத்தவள், கை முழுவதும் தழும்பு. தினமும் கையை மேசைமேல் வைத்து, மேட்ரன் பேசுமுன் தானே சொல்லிவிடுவாள்.

"பாக்க வேணாம் மேட்ரன். பழைய ரோடு, புது பள்ளம். கட்டு போடுங்க, டீயைக் குடுங்க, நான் போய்க்கிட்டே இருக்கேன்லா."

"உமக்கு வெக்கமில்லையோ பாக்கியம்?" என்பார் மேட்ரன்.

"இருந்துச்சு மேட்ரன். அதையும் வித்துட்டேன்."

அடிக்கடி கேத்தல் பிடித்தவள் தனம். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை வேலைக்கென்று வந்து, ஆலைப் பேருந்தில் அறிமுகமான ஒருவனை நம்பி, அவன் கொடுத்த போதைப் பொடியைப் பழகி, பிறகு ஊசிக்கு மாறி, வேலையையும் இழந்தவள். அவன் சிறைக்குப் போனான். மகள் அமுதாவைத் தனத்தின் அண்ணன் தோட்டத்துக்குக் கூட்டிச் சென்றுவிட்டார். நான் சொல்லும் காலத்தில் அமுதா ஏழு வயதுச் சிறுமி. தாயைப் பார்த்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

அந்த அண்ணன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் ஓட்டுநர். ஒருமுறை தனியாக இல்லத்துக்கு வந்து, நின்றபடியே பேசிவிட்டுப் போனார்.

"மேட்ரன், நான் படிக்காதவன். எனக்கு வளைச்சுப் பேசத் தெரியாது. இவ ஊசிய விட்டுட்டான்னு நீங்க சொல்லுங்க, பள்ளிக்கூட லீவுல பிள்ளையக் கூட்டிட்டு வரேன். கையில ஒரு புது ஓட்டையப் பாத்தேன், அன்னையோட சரி. அப்புறம் அந்தப் பிள்ளைக்கு அம்மா என் பொண்டாட்டிதான்."

"ஓம். நான் பாத்துச் சொல்லுறன்," என்றார் மேட்ரன்.

அன்றிலிருந்து தனத்தின் கையில் புதிய தழும்பு விழவில்லை. முதல் சில நாள்கள் உடல் நடுங்கி, மூக்கில் நீர் ஒழுக, பெஞ்சிலேயே சுருண்டு கிடந்தாள். பிறகு எழுந்து நடமாடினாள். பெயர்ப்பலகை எழுதும் ஒரு கடையில் தூரிகை கழுவும் வேலையும் கிடைத்தது. நாங்கள் மகிழ்ந்தோம். பழைய தழும்புகள் வெளிறி ஆறி வந்தன. காலையில் கை காட்டிவிட்டுக் கேத்தலைத் தூக்குவாள். பிறகு கடைக்குப் போவாள். வெளியிலிருந்து விருந்தினர் வந்தால், இந்தக் கையைப் பாருங்கள் என்று காட்டுமளவுக்கு அவள் எங்கள் இல்லத்தின் பெருமையாகிவிட்டாள்.

ஊற்றும்போது தேநீர் சில நாள் தட்டில் சிந்தியது. வாயைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது. கேட்டதற்கு, "பெயிண்ட் கடை வேலைலா அக்கா, ஒத்துக்கல," என்றாள். அவள்மேல் எப்போதும் ஜாதிக்காய்த் தைலம் மணக்கும். தலைவலி என்பாள். தைலத்துக்கு அடியில், பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னர் வாடையும் இருக்கும். தூரிகை கழுவுகிறவளிடம் அந்த வாடை இருப்பது இயல்புதானே என்று அனைவரும் எடுத்துக்கொண்டோம்.

ஒருநாள் தனம் கேத்தலோடு உள்ளே போன பிறகு பாக்கியம் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நீங்க கையையே பாத்துக்கிட்டு இருங்க அக்கா. மூஞ்சின்னு ஒன்னு இருக்கு, அதைப் பாக்காதீங்க."

கேத்தல் கிடைக்காதவளின் பொறாமை என்று அந்த வார்த்தை எடைபோடப்பட்டது. அதோடு அது மறந்தும் போயிற்று.

இங்கே வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பிற்பகல் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தபோது, மேட்ரன் தம் மருத்துவமனை நாள்களைப் பற்றி ஒரு செய்தி சொன்னார். பசை முகர்ந்த மயக்கத்தில் ஓர் இளைஞன் சுவரோரம் சிரித்தபடி அமர்ந்திருந்தானாம். காவலாளி தடியோடு கத்திக்கொண்டு துரத்தியிருக்கிறார். இளைஞன் எழுந்து ஓடினான். சிறிது தூரத்திலேயே விழுந்தான். கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

"ஏன் மேட்ரன், அடிச்சாங்களா?"

"ஒருத்தரும் தொடேல்லை. பசை, தின்னர் முகந்திருக்கிற நேரத்தில இதயம் ஒரு நிலையில இராது. அந்த நேரம் வெருட்டினா, துரத்தினா, அது நிண்டு போயிடும். அப்பிடி ஆரையும் கண்டா ஓடக்கூடாது, கத்தக்கூடாது. மெள்ளப் போய்ப் பக்கத்தில இருக்க வேணும். விளங்குதோ?"

விளங்குகிறது என்று தலையாட்டினேன். நம் இல்லத்துக்கும் பசைக்கும் என்ன தொடர்பு என்றுதான் அப்போது தோன்றியது. இங்கே ஊசியல்லவா சங்கதி.

பள்ளி விடுமுறை வந்தது. தனம் ஊசியை விட்டுவிட்டாள் என்று மேட்ரன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்ப, அவர் வரும் நாளும் உறுதியாயிற்று. அன்று தனம் கடைக்குப் போகவில்லை. காலையில் முதல் ஆளாக வந்து கை காட்டினாள். "நல்லம்" கிடைத்தது, கைதட்டலும் கிடைத்தது. தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, கையில்லாத மஞ்சள் ரவிக்கை போட்டிருந்தாள். வாசலுக்கும் சமையற்கட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"அக்கா, என்னை அடையாளம் தெரியுமா அவளுக்கு?"

"தெரியும்."

"அண்ணிய அம்மான்னு கூப்பிடுறாளாம்."

"கூப்பிட்டா என்ன? உன்னையும் கூப்பிடுவா."

"என்னை யாருன்னு கேட்டா?"

பாக்கியம்தான் சொன்னாள்: "கேத்தல் அக்கான்னு சொல்லுலா." தனம் சிரித்தாள்.

மதியத்துக்குப் பிறகு மேட்ரன், விருந்தினரை எதிர்கொண்டு அழைத்து வருவதே மரியாதை என்று சொல்லி ஃபெர்ரித் துறைக்குப் புறப்பட்டார். அவர் ஒரு வழியாகப் போனார். அண்ணன் சிறுமியோடு வேறு வழியாக வந்து சேர்ந்துவிட்டார். முன்னறைப் பெஞ்சில் அமர வைத்தேன். அமுதா புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார். தனத்தை அழைக்க நான் திரும்பினேன்.

அப்போது சமையற்கட்டிலிருந்து பாக்கியம் ஓடி வந்தாள்.

"அக்கா! தனம் பின்னால உக்காந்து தின்னர் மோந்துக்கிட்டு இருக்கா! கண்ணு சொருகிப் போச்சு! சீக்கிரம் வாங்க!"

அண்ணன் எழுந்துவிட்டார். பெஞ்சு சாய்ந்தது. நான் முற்றத்துக் குறுக்கே போய் நின்றேன்.

அந்த இடத்தில் எனக்கு முன்னே இருந்தவற்றை உங்களுக்குத் தெளிவாகச் சொல்கிறேன். பின்னால் ஒரு பெண் தின்னர் தோய்ந்த துணியோடு இருக்கிறாள். ஒவ்வொரு மூச்சும் அவளுக்குத் தீங்கு. ஆகவே விரைய வேண்டும். விரைந்தால் வெருளுவாள், வெருண்டால் மேட்ரன் சொன்னது நடக்கலாம். அவளிடம் போக முனைந்து நிற்பவரோ அவள் உலகத்திலேயே மிக அஞ்சும் மனிதர். அவர் கையில் நெருப்பு. அவருக்குப் பின்னால் குழந்தை.

"அண்ணே, சிகரெட்டை இங்கயே போட்டு அணைங்க."

"வழிய விடுங்கம்மா! அந்த நாயி செத்துக்கிட்டிருக்கு!"

"இன்னும் சாகல. நீங்க இப்படிப் போய் சத்தம் போட்டா செத்துடுவா."

அவர் நின்றார். நான் கோபமாகச் சொல்லியிருந்தால் என்னைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார் என்றே நினைக்கிறேன். கடையில் விலை சொல்வது போல் நிதானமாகச் சொன்னேன். முற்றத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் சிகரெட்டைப் போட்டார்.

"பாக்கியம், பிள்ளைக்கு பிஸ்கட் எடுத்துக் குடு. முன்னாலேயே இரு."

"அக்கா, நான்—"

"மெதுவா பேசு."

பின்கதவை நான் ஓசையின்றித் திறந்தேன். தனம் கால்வாய் ஓரக் கல்லில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் துணி. பக்கத்தில் மூடி திறந்த சிறு டின். முகம் சிவந்து, கண் பாதி மூடியிருந்தது. நான் ஓடவில்லை. காய்ந்த துணியை எடுக்க வந்தவளைப் போல நடந்து, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் உட்கார்ந்தேன்.

"யாரு?"

"நான்தான் தனம். கால் வலிக்குது, கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

துணி அவள் முகத்துக்குப் போயிற்று. அதைப் பிடுங்க என் கை துடித்தது. பிடுங்கவில்லை.

"அண்ணன் வந்துட்டாரா?"

ஆம் என்றால் வெருளுவாள். இல்லை என்றால் பொய். அந்தப் பொய் சில நிமிடங்களில் வெளியாகி, இனி என் வாயிலிருந்து வரும் எதையும் அவள் நம்பாதபடி செய்துவிடும்.

"டீத்தண்ணி கொதிக்குது. இன்னும் ஊத்தல. நீ வந்துதான் ஊத்தணும்," என்றேன்.

"ஆமா. நான்தான்..."

"துணி நனைஞ்சு கெடக்கு. குடு, காயப் போடறேன்."

அவள் சிறிது யோசித்தாள். பிறகு ஈரத்துணியை ஒரு பிள்ளை தருவது போல நீட்டினாள். நான் அதை எனக்குப் பின்னால், எட்டாத இடத்தில் வைத்தேன். காலால் டின்னை மெல்ல நகர்த்தினேன்.

அந்நேரம் சந்து முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பியது. காய்கறிக் கூடை கட்டிய ஒரு சீனப் பெரியவர் ஓட்டி வந்தார். பெருஞ்சத்தம். தனத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எழவில்லை, உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன். அவர் எங்களைப் பார்த்தார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே எங்களைக் கடந்து போனார். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் யார் என்று பிறகு விசாரித்தும் தெரியவில்லை.

பின்கதவின் உள்பக்கம் அண்ணன் நின்றிருப்பது எனக்குத் தெரிந்தது. அவர் மூச்சு விடும் ஓசை கேட்டது. அவ்வளவுதான் கேட்டது. கத்துவதற்காகவே வந்த மனிதர் கத்தாமல் நிற்பது எளிதன்று. அன்று அந்தச் சந்தில் பெரிய வேலையைச் செய்தவர் அவரே.

தனம் தன் இரு கைகளையும் நீட்டி, மேசைமேல் வைப்பது போலக் காற்றில் மல்லாத்திக் காட்டினாள்.

"அக்கா, என் கை நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு."

"தின்னர் தழும்பு போடாது அக்கா. ஊசிய விட்டா எலும்பெல்லாம் கடிக்குது. இது இருந்தா கொஞ்ச நேரம் மறந்து போகுது. கையி அப்படியே இருக்கும்."

அவள் அதை மறைக்கும் எண்ணத்தோடு சொல்லவில்லை. எங்கள் இல்லத்தின் விதி எதுவோ அதை அவள் முழுமையாகக் கடைப்பிடித்திருக்கிறாள் என்பதைச் சொன்னாள். நாங்கள் கேட்டது கையை. அவள் கொடுத்ததும் கையை.

காற்றில் அமர்ந்திருக்க அமர்ந்திருக்க மயக்கம் தெளிந்து வந்தது. மேட்ரன் ஃபெர்ரித் துறையிலிருந்து திரும்பி, பின்கதவில் அண்ணனைக் கண்டே நிலைமையை உணர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாடி பார்த்தார். முகம் கழுவி, உள்ளே கொண்டுபோய் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். நாடி சீரான பிறகே நிமிர்ந்தார். மறுநாள் காலையில் இதயத்தைப் பரிசோதிக்க மருத்துவமனைக்கும் தாமே அழைத்துச் சென்றார்.

அண்ணன் அவரைக் கேட்டார். குரல் தாழ்ந்தே இருந்தது.

"ஊசிய விட்டுட்டான்னு சொன்னீங்களே மேட்ரன்."

"ஊசியை விட்டிட்டா. அது உண்மை. தின்னரைப் பிடிச்சிட்டா, அதை நாங்கள் பாக்கேல்லை. கையைப் பாத்தம், ஆளைப் பாக்கேல்லை. நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறதெண்டா நான் தடுக்கமாட்டன். ஆனா இவ இண்டைக்கு இதை எடுத்தது பிள்ளை வேண்டாமெண்டு இல்லை. பிள்ளை வாறாளெண்ட பயத்தில."

அவர், கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

தனம் எழுந்து வந்து முன்னறைக் கதவருகில் நின்றாள். அமுதா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். மெல்ல அருகில் வந்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

"பெயிண்ட் வாசம் அடிக்குது."

தைலம் இருந்தும் அது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை பேர் இத்தனை நாள் கைகளைப் புரட்டிப் பார்த்த அறையில் அதைச் சொன்னவள் அவள் ஒருத்தியே.

தனம் அண்ணனைப் பார்த்தாள், மேட்ரனைப் பார்த்தாள். கடையில் வேலை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது என்றே நினைக்கிறேன்.

"ஆமா கண்ணு. அம்மா அதை மோந்துட்டேன். தப்பு."

"தலை சுத்துமா?"

"சுத்துது."

"அப்ப உக்காரு," என்றாள் சிறுமி.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். புறப்படும்போது அண்ணன் வாசலில் நின்று தங்கையிடம் சொன்னார்:

"இங்க பாரு. ஊசின்னா ஊசின்னு சொல்லு. தின்னர்னா தின்னர்னு சொல்லு. நானா கண்டுபிடிக்கிற மாதிரி வச்சிடாத. நீயா சொன்னா அடுத்த லீவுக்குக் கூட்டிட்டு வரேன்."

கை காட்டும் வழக்கம் மறுநாளே நின்றது. மேசையில் புண் உள்ளவர்களின் கை மட்டும் கழுவப்பட்டது. மேட்ரன் ஒவ்வொருத்தியையும் எதிரே உட்கார வைத்து, முகத்தைப் பார்த்து, நேற்று எப்படி இருந்தது என்று கேட்கத் தொடங்கினார். கேட்டால் பலர் சொன்னார்கள். தனத்தைத் தவிர இன்னும் சிலரும் ஊசியை விட்ட நாள்களில் பசையையும் தின்னரையும் நாடியிருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. கை ஆறியவள் என்று நாங்கள் கைதட்டிய சிலர் அவர்களில் இருந்தார்கள். கேத்தலுக்குப் புதிய விதி வந்தது. காலையில் முதலில் வருபவள் ஊற்றலாம்.

"அப்ப இத்தனை வருஷமா நான் ஏன்லா ஊத்தாம இருந்தேன்?" என்றாள் பாக்கியம். மறுநாள் நாங்கள் கதவைத் திறந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையால் கேத்தலைப் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் அனைவருக்கும் ஊற்றினாள். தனக்கு ஊற்ற மறந்துபோனாள்.

தனம் தின்னரை விட்டாள். பெயர்ப்பலகைக் கடையிலிருந்தும் நின்றாள். இதை ஒரு வெற்றிக் கதையாக உங்களுக்கு எழுத எனக்கு விருப்பமில்லை. அடுத்த விடுமுறை நெருங்கிய சமயம் சில நாள்கள் அவள் வரவில்லை. ஒரு காலை, சந்தின் எதிர்ப்பக்கம் ஐந்தடியில் நீளக்கைச் சட்டை அணிந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நான் போகவிருந்தேன். மேட்ரன் என்னை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய்ச் சொன்னார்:

"அங்க நிண்டா தேத்தண்ணி ஆறிப்போம் பிள்ளை."

தனம் வந்தாள். மேசையருகில் நின்று, யாரும் கேளாமலே சட்டைக் கையைச் சுருட்டினாள். புதிய தழும்புகள். மேட்ரன் அவற்றில் சிவந்திருந்த ஒன்றை மட்டும் கழுவச் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "கொண்ணனுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டார்.

"நான்தான் சொல்லணும்."

அண்ணன் சொன்ன நாளில் வந்தார். அமுதாவின் கையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். தனம் அவரெதிரே போய் நின்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் குவளைகளைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"அண்ணே, தின்னர் தொடல. ஊசி போட்டேன். மூனு தடவை. நேத்து போடல. இன்னிக்குப் போடல."

சட்டைக் கையைச் சுருட்டப் போனாள்.

"வேணாம்," என்றார் அவர். "கையைக் கேக்கல."

அவர் தெருவைப் பார்த்தார். முகத்தில் இருந்தது மன்னிப்பு என்று நான் எழுதமாட்டேன். அது எனக்குத் தெரியாது. பிறகு சிறுமியின் கையை விட்டார். அவள் உள்ளே வந்து, தாயின் அருகே நின்று, முதலில் மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தாள். அண்ணன் வாசலிலிருந்தே கேட்டார்:

"டீ இருக்கா?"

அன்று முதலில் வந்திருந்தவள் பாக்கியம். கேத்தல் அவள் கையில் இருந்தது. அவள் அதை மேசைமேல் வைத்து, கைப்பிடியைத் தனத்தின் பக்கம் திருப்பினாள்.